கடைசி ஆள் கடந்த பிறகு

என் அப்பா ஒரு துணிக்கடையில் கண்ணாடிக் கதவைத் திறந்து விடுகிறவர். கடையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் ‘வாங்க’ சொல்லும் அண்ணன் என்பதால் அவர் ‘வாங்கண்ணன்’. பில் போடும் அக்கா ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, வாங்கண்ணன் இருக்காரா என்று கேட்டார். அம்மா உள்ளே ஓடிவந்து, நம்ம வாசல்ல நின்னுக்கிட்டு நம்மையே வாங்கங்கறா, யாருடி இவ என்று என்னிடம் கிசுகிசுத்தாள்.

கல்லூரியில் யாராவது கேட்டால், அப்பா ஜவுளிக்கடையில் இருக்கிறார் என்பேன். அது பொய் இல்லை. ஆனால் கேட்கிறவர் மனதில் கல்லாப்பெட்டியோ, துணி விரிக்கும் நீள மேசையோ வரும்படி ஒரு மாதிரி இழுத்துச் சொல்வேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்தால், எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் என்ற நினைப்பு என்னைக் கொஞ்சம் ஆட்டிவைத்தது என்றுதான் தோன்றுகிறது.

அப்பாவின் அந்த வேலையிலும் ஒரு நுணுக்கம் இருந்தது. உள்ளே போகிற, வெளியே வருகிற யாரையும் மேலும் கீழும் பார்க்கக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. அதனால் அப்பா கதவைத் திறந்து பிடித்தபடி, கடைக்கு முதுகைக் காட்டி, பார்வையைத் தரையில் வைத்து நிற்பார். பிறகு எப்படிக் கடைசி ஆள் கடந்துவிட்டார் என்று தெரியும்? ஏசியின் குளிர் அவர் பின்கழுத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். ஒருவர் தாண்டும்போது ஒரு நொடி நிற்கும். தாண்டியதும் மறுபடி அடிக்கும். கூட்டமாக வந்தால் நின்று நின்று அடிக்கும். நிற்காமல் அடிக்கத் தொடங்கினால் கதவை விடலாம். இத்தனை வருஷத்தில் ஒரு குதிகாலில்கூட அந்தக் கதவு இடித்ததில்லை.

எனக்குத் தூரத்து ஊர் ஒன்றின் அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்தது. அப்பா அந்த வாரம் கதவருகே நின்றபடி, ‘வாங்க, என் பொண்ணுக்கு மியூசியத்துல வேலை’ என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். மேனேஜர் கூப்பிட்டு, வாங்க மட்டும் போதும் என்றாராம்.

கடைக்கு வார விடுமுறை வந்தபோது அப்பா, அம்மா இருவரையும் ஊருக்கு வெளியே உள்ள குன்றுக்கு அழைத்துப் போனேன். அதன் உச்சியில் ஒரு கல்வட்டம் இருக்கிறது. எழுத்து தோன்றுவதற்கு முன்னால் வாழ்ந்தவர்கள் தங்கள் இறந்தவர்களுக்காக நட்ட கற்கள். இத்தனை வருஷம் நான் என்னதான் படித்தேன் என்று அவர்களுக்குக் காட்ட என்னிடம் வேறு எதுவும் இல்லை.

அம்மா ஏறும்போதே மூச்சு வாங்கியபடி தொடங்கிவிட்டாள். “வேலை கிடைச்சா பிள்ளைங்க ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போகும். நீ சுடுகாட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கே.”

மேலே காற்று காதை அடைத்தது. இடுப்பளவும் மார்பளவுமாகச் சாம்பல் நிறக் கற்கள், ஒன்றோடொன்று தோள் உரசாமல், வட்டமாக நின்றன. நடுவில் ஒரு பலகைக்கல் பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. கற்களுக்கு வெளியே புல் படுத்துப் படுத்து எழுந்தது. உள்ளே ஒரு புல்லும் அசையவில்லை. கற்கள் காற்றைத் தடுக்கின்றன, அவ்வளவுதான் என்று அம்மாவுக்கு விளக்கினேன். விளக்கிய பிறகுதான் கற்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்பதைப் பார்த்தேன்.

அப்பா வட்டத்தைச் சுற்றி நடந்துவிட்டு வந்து கேட்டார். உள்ளே இருக்கிறவர்கள் வெளியே வராமல் இருக்க வைத்ததா, வெளியே இருக்கிறவர்கள் உள்ளே போகாமல் இருக்க வைத்ததா? அதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒரு முடிவு இல்லை என்றேன்.

“வழி விட்டிருக்காங்க. கதவு வைக்கலையே” என்றார்.

உண்மைதான். ஓரிடத்தில் மட்டும் இரண்டு உயரமான கற்கள் நிலைக்கால் மாதிரி நின்றன. நடுவே ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி. அப்பா தன்னை அறியாமல் அங்கே போய் நின்றுகொண்டார். நாங்கள் நுழைந்தபோது, ‘வாங்க’ என்று கையை நீட்டினார். லீவு நாள்லயும் டூட்டியா என்று அம்மா கேலி செய்தாள். நாங்கள் உள்ளே நடந்தோம், நான் பாடம் நடத்தினேன், அம்மா பலகைக்கல்லில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். அப்பா உள்ளே வரவே இல்லை. கடைக்குள்ளும் அவர் காரணமில்லாமல் போவதில்லை.

கிளம்பினோம். அம்மா வெளியே வந்தபோது, ‘போயிட்டு வாங்க’ என்றார். அம்மா சிரித்தாள். எனக்கும் சொன்னார். நானும் சிரித்தேன். நாங்கள் சரிவில் இறங்கத் தொடங்கியபோது பின்னால் மறுபடி அவர் குரல் கேட்டது.

“போயிட்டு வாங்க.”

திரும்பிப் பார்த்தேன். அப்பா முதுகை லேசாக வளைத்து, பார்வையைத் தரையில் வைத்து, இல்லாத கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயதானவர்களுக்கு மட்டும் அப்படி வளைவார். கொஞ்சம் பொறுத்துக் கையை இறக்கினார்.

“யாருக்குப்பா?”

“உங்களுக்குப் பின்னாடி வந்தவங்களுக்கு” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தார். வட்டம் காலியாக இருந்தது. தன் பின்கழுத்தைத் தடவிக்கொண்டே அதைப் பார்த்தார்.

அதன் பிறகு கடையில் கதவு தாமதமாக மூடத் தொடங்கியது. உள்ளே போகிறவர் போய்விடுவார், அப்பா பிடித்தபடியே நிற்பார். என்ன வாங்கண்ணே, ஊருக்கே ஏசி போடறீங்களா என்று மேனேஜர் கேட்டதைப் பில் போடும் அக்கா வந்து சொன்னார். சிரிப்பாகத்தான் சொன்னார். ஆனால் இன்னொன்றையும் சொன்னார். அப்பா பிடித்துக்கொண்டு நிற்கும்போது, பின்னால் வருகிற வாடிக்கையாளர்களும் வாசலில் நின்றுவிடுகிறார்களாம். யாருக்கோ வழிவிடுவது போல.

வீட்டிலும் அதேதான். எங்களுடையது இரண்டாவது மாடியில் ஓர் அறையும் சமையலறையும். படிக்கட்டுக் கதவை நான் திறந்து வந்தால், அப்பா எழுந்து வந்து, நான் செருப்பைக் கழற்றி உள்ளே போன பிறகும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகுதான் தாழ் போடுவார். அம்மா வந்தால் அப்படிச் செய்யவில்லை. அதை நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். கவனித்ததை என்ன செய்வது என்று என் படிப்பில் எங்கும் சொல்லித் தரவில்லை.

வேலையில் சேரும் நாள் நெருங்கியது. நான் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நீ போக வேண்டாம்மா.”

அந்த வேலைக்காக என்னைவிட அதிகமாகத் தவித்தவர் அவர். பெண்ணைப் பிரியத் தயங்குகிறார் என்று நினைத்து, வாரம் தவறாமல் பேசுகிறேன் என்று சமாதானம் சொன்னேன்.

“அதில்லை. நீ தனியாப் போகலை” என்றார்.

அடுப்பை அணைத்துவிட்டு அம்மா வந்து நின்றாள். அப்பா மெதுவாகச் சொன்னார். அன்று குன்றில் எங்களுக்குப் பின்னால் வந்தவர் முதலில் கடைக்கும் வந்தாராம், அப்பா பின்னாலேயே. இப்போது கடையில் குளிர் ஒழுங்காக அடிக்கிறது. ஆனால் நான் படியேறி வரும்போதெல்லாம் படிக்கட்டுக் காற்று ஒருமுறை எனக்கு நிற்கிறது, இன்னொரு முறையும் நிற்கிறது. வட்டத்தை விட்டு அவரை வெளியே அனுப்பியது அப்பாதான். அதுவும் ‘போங்க’ என்று சொல்லவில்லை, ‘போயிட்டு வாங்க’ என்று சொல்லிவிட்டார். போய்விட்டுத் திரும்பி வரவேண்டும் என்றல்லவா அதற்கு அர்த்தம்? திரும்பி வரும்போது வாசலில் நின்று ‘வாங்க’ சொல்ல ஆள் வேண்டாமா? யாரும் கூப்பிடாத இடத்துக்கு மரியாதை தெரிந்தவர்கள் எப்படி நுழைவார்கள்?

நான் சிரித்திருக்க வேண்டும். அருங்காட்சியகத்தில் ஈமக்கற்களுக்கு விளக்கம் எழுதப் போகிறவள் நான். ஆனால் அந்த நேரம் படிக்கட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

“நாளைக்குப் போய்ச் சேத்துட்டு வந்துடலாம்பா. அப்புறம் நான் பஸ் ஏறலாமா?”

“உள்ள போயிட்டா ஏறலாம்.”

அப்பா மேனேஜரிடம் ஒருநாள் லீவு கேட்டு வாங்கிக்கொண்டார். காலையில் நாங்கள் இருவர் மட்டும் ஏறினோம். நான் முன்னால், அவர் பின்னால். இரண்டு பேருக்கும் நடுவே அவர் விட்டிருந்த தூரம் கொஞ்சம் அதிகம்.

உயரமான கற்களுக்கு அருகே என்னை நிற்கச் சொன்னார். விருந்தாளியை வாசலில் வாங்க என்று சொன்னால் மட்டும் போதாது, உள்ளே கூட்டிப் போய் உட்கார வைக்க வேண்டும், அதற்கு அப்பா முன்னால் நடக்க வேண்டும், ஆகவே கதவை நான்தான் பிடிக்க வேண்டும் என்றார். எந்தக் கதவுப்பா என்றேன். பிடிச்சுக்கம்மா என்றார். வட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, காற்றில் கையை நீட்டினேன்.

“நான் வெளியே தாண்டுனதும் கையை விட்டுடு. குளிர் திரும்ப அடிக்குதான்னு பாத்துக்கிட்டு நிக்காதே.”

‘வாங்க’ என்று யாருக்கோ சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தார். அன்று அசையாமல் கிடந்த வட்டத்துக்குள்ளிருந்து இன்று குளிர் வந்து என் கழுத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா தாண்டும்போது நின்றது. மறுபடி அடித்தது. மறுபடி நின்றது. இந்த முறை அதிக நேரம் நின்றது, மெதுவாக நடக்கிறவர்களுக்கு நிற்பது போல. பிறகு அடித்தது.

தோளுக்கு மேலாகப் பார்த்தேன். அப்பா பலகைக்கல்லின் அருகே குனிந்து, கையால் துடைத்து, உட்காருங்க என்று காட்டினார். கொஞ்ச நேரம் கைகட்டி நின்றார். பிறகு ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லாமலே திரும்பி வேகமாக நடந்து வந்தார். நான் பார்வையைத் தரைக்குக் கொண்டுவந்தேன். குளிர் நின்றது. அவர் செருப்பு என்னைத் தாண்டியது. குளிர் அடித்தது.

அப்போதே நான் கையை விட்டிருக்க வேண்டும். விரல்கள் தயாராகத்தான் இருந்தன. ஆனால் இது உண்மைதானா, இல்லை அப்பா சொன்னதால் எனக்கு அப்படித் தோன்றுகிறதா என்று தெரிந்துகொள்ள இன்னும் ஒரு நொடி போதும் என்று நினைத்தேன்.

குளிர் நின்றது.

நான் கையை இழுத்துக்கொண்டபோது அது மறுபடி அடிக்கத் தொடங்கியிருந்தது.

அப்பா சரிவில் காத்திருந்தார். “எனக்கு அப்புறம் நின்னுச்சா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் நிம்மதியாக வீடு திரும்புவார், நானும் பஸ் ஏறுவேன். பொய் சொன்னால் பஸ்ஸில் என்னுடன் யார் வருவார்கள் என்ற நினைப்புதான் என் வாயைத் திறக்க வைத்தது. அது நேர்மையா பயமா என்று இப்போதும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

“நின்னுச்சுப்பா. நான் விடலை. பாத்துக்கிட்டு நின்னுட்டேன்.”

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் பின்னால் பார்த்தார்.

“படிச்ச பிள்ளை. சரிபாக்காம விடுவியா” என்றார். சிரித்த மாதிரிகூட இருந்தது. “வந்தவங்களைக் கழுத்தைப் பிடிச்சா தள்ள முடியும்? சரி, நீ ஏறு. நான் பாத்துக்கறேன்.”



அன்று பிற்பகல் பேருந்து நிலையத்துக்கு அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள், என்னிடம் தரவே இல்லை. சன்னலோரம் உட்காரு, போனதும் போன் பண்ணு, யாராவது எதாவது கொடுத்தா வாங்கித் தின்னாதே என்று அடுக்கிக்கொண்டே போனாள். பேருந்து வந்ததும் அப்பா என்னை முதலில் ஏறச் சொன்னார். நான் ஏறியதும் அவரே படியில் ஏறி, இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு, வாசல் முழுவதும் அடைத்து, வெளியே பார்த்தபடி நின்றார். அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

“பெரியவரே, ஏறறதுன்னா ஏறுங்க, இல்லேன்னா இறங்குங்க” என்றார் கண்டக்டர்.

அப்பா கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினார், எதிரே நிற்பவரைத் தன் உடம்பால் பின்னுக்கு நகர்த்துகிற மாதிரி. கால் தரையில் பட்டதும் கண்டக்டரை முந்திக்கொண்டு கதவை இழுத்து அறைந்து மூடினார். அந்தச் சத்தத்தில் உள்ளே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவருக்கு என்ன கோபமோ என்று யாரோ சொன்னார். என்னிடம் அவர் போயிட்டு வா என்று சொல்லவே இல்லை.

பேருந்து நகர்ந்தது. சன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அப்பா அவளுக்குப் பின்னால், ஓர் ஓரமாக, பக்கத்தில் இன்னொருவர் நடக்க இடம் விட்டு நடந்தார். தலையைச் சாய்த்து எதையோ சொல்லிக்கொண்டே போனார். நிலையத்தின் இரும்புக் கேட் பாதி சாத்தியிருந்தது. அம்மா அதைத் தாண்டிப் போனாள். அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் வந்தவர்களும் அவருக்குப் பின்னால் அப்படியே நின்றார்கள்.

அவர் தலை குனிந்திருந்தது. முதுகு லேசாக வளைந்தது. பிறகு அவரும் தாண்டிப் போய், கேட்டைத் தனக்குப் பின்னால் சாத்தினார்.