அம்மாவுக்குக் கேட்ட இருக்கை

நூற்பாலை எந்திரங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். வீடு அருப்புக்கோட்டையில், வேலை டாக்கா, அடிஸ் அபாபா, தாஷ்கண்ட் என்று எங்கெங்கோ. பல வருடமாக ஒரே விமான நிறுவனத்தில் போய்வந்ததால் எனக்கு ஒரு தங்க நிற அட்டை அனுப்பியிருந்தார்கள். சேர்த்து வைத்த மைல்களைக் கொடுத்து, சாதாரண இருக்கைக்குப் பதில் படுத்துப் போகும் இருக்கை வாங்கிக்கொள்ளலாம் என்று கூட வந்த கடிதம் சொன்னது. அதை நம்பி அம்மாவிடம் வாய் விட்டதுதான் நான் செய்த முதல் தப்பு.

அம்மா திருச்சுழிப் பக்கம் கிராம செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். வலது முழங்காலில் ஆபரேஷன் ஆகி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்தாலே வீங்கிவிடும். அந்தச் சமயத்தில் டொராண்டோவில் தங்கைக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது.

"கால நீட்டிப் படுத்துக்கிட்டே போயிரலாம்மா" என்றேன்.

ரெண்டே நாளில் எம்.ரெட்டியபட்டி வரைக்கும் செய்தி போய்விட்டது. அம்மா பஸ்ஸில் பார்க்கிற ஆட்களிடமெல்லாம், "எம் மகன் கார்டுக்கு எனக்குப் படுக்க எடம் குடுக்காக" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மதுரையிலிருந்து சென்னை, அங்கிருந்து வளைகுடா, பிறகு டொராண்டோ. எனக்கு நடுவில் வளைகுடாவில் ஒரு ஆலையில் ஒருநாள் வேலை இருந்தது. அதையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாகப் போட நினைத்தேன். இரண்டு கட்டம் வரை இணையதளம் ஒழுங்காக வந்தது. மூன்றாவதைச் சேர்த்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதல் பக்கத்தில் போய் நின்றது. நாலு தடவை இப்படியே. கடைசியில் ஆலை வேலையைத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்துவிட்டு, அம்மாவுக்குத் தனியாக டிக்கெட் எடுத்தேன். என்னுடையதைக் கம்பெனி எடுத்துத் தந்தது.

பிறகு வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன்.

"சார், நீங்க எடுத்தது சலுகைக் கட்டண டிக்கெட். இதுக்கு அப்கிரேடு கிடையாது" என்றார் ஒருவர்.

அதை ரத்து செய்து, முழுக் கட்டணத்தில் எடுத்தேன். அடுத்த தடவை பேசிய பெண், "மெம்பரும் அதே பிஎன்ஆர்ல இருக்கணும் சார்" என்றார். கம்பெனி எடுத்த டிக்கெட்டையும் விட்டுவிட்டு, ரெண்டு பேருக்கும் சேர்த்து மறுபடி எடுத்தேன். இதை முதல் ஆளே சொல்லியிருக்கலாம். மூன்றாமவர், "இப்ப வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கீங்க. ஏர்போர்ட்ல உறுதியாயிரும்" என்றார். பாலவனத்தம் விலக்கில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இதைக் கேட்டேன். உறுதியாயிரும் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

சென்னை விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துச் சிரித்தார். "வாழ்த்துகள் சார். நீண்ட பயணத்துக்கு ஒரு சீட் கிடைச்சிருக்கு."

"அம்மாவுக்குப் போட்டுருங்க."

"அது முடியாது சார். ஒண்ணுதான் இருக்குன்னா மெம்பருக்குத்தான் போகும். மாத்த சிஸ்டம் விடாது."

"மைலு என்னுது. நான் குடுக்கேன்னுதானே சொல்றேன்?"

"வேண்டாம்னா அடுத்த ஆளுக்குப் போயிரும் சார்."

நான் சத்தம் போட்டுவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேலதிகாரி ஒருவர் வந்து அதையே இன்னும் மரியாதையாகச் சொன்னார். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஏன்டா இப்படிக் கத்துற? அந்தப் பிள்ள என்ன செய்யும்? நீ போய்ப் படுத்துக்க. நான் சமாளிச்சுக்கிருவேன்."

வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த இருக்கையில் யார் படுத்துப் போனாரோ தெரியாது.

வளைகுடாவிலிருந்து டொராண்டோவுக்குப் பதினாலு மணி நேரம். அம்மாவை ஜன்னலோரம் சாய்த்து உட்காரவைத்து, வலது காலை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. நாலைந்து தடவை காலை இறக்கப் பார்த்தார். "பெத்த பிள்ள மடியில காலப் போட்டுட்டு வர்றாளேன்னு பாக்குறவுக நெனைக்க மாட்டாகளா?" என்றார். பணிப்பெண் வரும்போதெல்லாம் சேலையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டார். எனக்குத் தொடை மரத்துப்போனது. அம்மாவின் கால் எப்படியும் வீங்கியது.

குழந்தைகளோடு அழைக்க வந்திருந்த தங்கை விமான நிலையத்திலேயே அந்தக் காலைப் பார்த்துவிட்டாள். "ஊரு பூராம் பறந்துக்கிட்டே இருக்க. அம்மாவுக்கு ஒரு சீட்டு வாங்க முடியலயா?" என்றாள். அம்மா அதற்குள் ஒரு குழந்தையைக் கையில் வாங்கி, தொப்புளைப் பார்த்து, "காஞ்சிருச்சு, நல்லாருக்கு" என்று செவிலியராகிவிட்டார். பதில் சொல்லவேண்டிய அவசியம் எனக்கு இல்லாமல் போனது. ஆனால் அந்தக் கேள்வி ஒரு வாரம் உறுத்தியது.

நான் பத்து நாளில் திரும்பிவிட்டேன். அம்மா மூன்று மாதம் கழித்துத் தனியாக வந்தார். மதுரையில் சக்கர நாற்காலியில் வெளியே வந்தவரிடம், முதல் வேலையாகக் காலைத்தான் கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. முன்னாடி ஆளே இல்லாத வரிசை. கால நீட்டிக்கிட்டே வந்தேன்" என்றார்.

தங்கை டாக்டரிடம் ஒரு சான்று வாங்கி, அதே நிறுவனத்தின் மருத்துவ உதவிப் பிரிவுக்கு மெயில் அனுப்பியிருக்கிறாள். மறுநாளே இடம் ஒதுக்கிவிட்டார்கள். அட்டையும் வேண்டாம், மைலும் வேண்டாம். அப்படி ஒரு பிரிவு இருப்பதை, நான் பேசிய அத்தனை பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கால் முடியாது என்று நானும் அவர்களிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பது, அருப்புக்கோட்டைக்குக் கார் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது.