பல் இல்லாத தாடை

அப்பா சிட்லபாக்கம் வீட்டில் ஃப்ரீசர் பெட்டிக்குள் இருந்தார். அம்மாவின் குழியிலேயே தன்னையும் வைக்க வேண்டும் என்பதுதான் அவர் எங்களிடம் கேட்ட ஒரே விஷயம். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் புது இடம் கிடையாது. பழைய குழியைத் திறந்து, எலும்புகளை ஓரமாகச் சேர்த்துவிட்டு, அதே குடும்பத்தில் அடுத்தவரை வைப்பது வழக்கம். அதற்காகக் காலையிலேயே நானும் தம்பியும் போய் நின்றோம்.

குழி வெட்டுகிறவர் ஒரு கீழ்த்தாடையை எடுத்துச் சாக்கின் மேல் வைத்தார். வரிசையாகப் பல் இருந்தது.

"இது அம்மா இல்லை," என்றேன்.

"இன்னா டீச்சர் சொல்றீங்க? கல்லு இங்கதான கீது."

வெள்ளத்துக்குப் பிறகு லாரி லாரியாக மண் கொட்டித் தோட்டத்தை மேடாக்கியபோது பிடுங்கிய கற்களைக் குத்துமதிப்பாகத் திரும்ப நட்டிருக்கிறார்கள். யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியாமல் கோபம் வந்தது.

"அக்கா, விட்டுடேன். மூணு மணிக்கு பாஸ்டர் வந்துடுவார்," என்றான் தம்பி. நான் விடவில்லை. அந்த யாரோ ஒருவரை மூடச் சொல்லிவிட்டு, பக்கத்துக் குழியைத் திறக்க வைத்தேன்.

அதில் வந்த தாடையில் ஒரு பல்லும் இல்லை. பல் இருந்த பள்ளங்கள் தூர்ந்து எலும்பு வழவழவென்று இருந்தது. செத்த பிறகு பல் உதிர்ந்தால் பள்ளம் அப்படியே இருக்கும். பல் போன பிறகும் ஆள் பல வருடம் வாழ்ந்தால்தான் இப்படி ஆகும். முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவள் நான். குரங்கு வரிசையாக நிமிர்ந்து மனிதனாகும் அந்தப் படத்தை நம்பாதீர்கள், ஒரே காலத்தில் பல வகை மனிதர்கள் இருந்தார்கள், ஒரு விரல் எலும்பை வைத்தே ஒரு வகையைக் கண்டுபிடித்தார்கள் என்பேன். பிறகு ஜார்ஜியா நாட்டில் கிடைத்த, பதினெட்டு லட்சம் வருடப் பழைய மண்டையோட்டுக்கு வருவேன். அதன் தாடையும் இப்படித்தான் தூர்ந்திருந்தது. நம்மைவிடச் சின்ன மூளை கொண்ட அந்தக் கூட்டத்தில் யாரோ அந்த ஆளுக்கு உணவு கொடுத்துக் காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்லி வகுப்பை முடிப்பேன்.

"இதுதான் அம்மா," என்றேன். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

அம்மாவுக்குப் பல் செட் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்பது வருடம் அப்பாதான் சோற்றைக் குழைய வடித்து, ரசம் விட்டுப் பிசைந்து ஊட்டினார். நான் அஸ்தினாபுரத்தில், பத்து நிமிட தூரத்தில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எட்டிப் பார்ப்பேன். "அம்மா சாப்பிட்டாங்களா?" என்று அப்பாவிடம் கேட்பேன். பேப்பர் திருத்த வேண்டும் என்று கிளம்பிவிடுவேன். ஒரு வாய்கூட நான் ஊட்டியதில்லை.

"டீச்சர், அம்மாவ எந்தப் பக்கம் வெக்கறது?" என்று குழி வெட்டுகிறவர் உள்ளிருந்து கேட்டார்.

"அப்பாவோட வலது கைப் பக்கம்," என்றேன். சொல்லும்போது என் கையைப் பார்க்கவே கூசியது.