நூற்றைம்பத்தேழுதான்

எங்கள் ஊர்க் கோயிலில் கணக்குப் பலகை தொங்குவது புதிதல்ல. ஒரு புதிரைப் போட்டு விடையும் கண்டவர், அதை வண்ணப் படத்தோடு மரப்பலகையில் எழுதிக் கூரைக்கடியில் மாட்டுவார். பார்க்கிறவன் போட்டுப் பார்க்கட்டும் என்றுதான். உழவர் பலகையும் உண்டு, வாள் கட்டியவர் பலகையும் உண்டு. ஆனால் எதை எடுத்தாலும் கடைசி வரி ஒன்றே: 'ஒனோதெரா ஆசானின் மாணவர்.' பக்கத்தில் அவருடைய சிவப்பு முத்திரை. அது இல்லாமல் பூசாரி ஓர் ஆணி அடிக்க விடமாட்டார். ஊரில் சாக்கே மது வடிக்கும் முதலாளியும் அதே ஒனோதெராதான்.

கிவா, மரத்தொட்டி செய்யும் யசோஜியின் மனைவி. மூங்கிலைக் கீறித் தொட்டிக்கு வளையம் முடைவது அவள் வேலை. நான் அடுத்த வீட்டில் சோயாப் பாலைத் திரித்துத் தோஃபுக் கட்டி செய்து விற்பவள். அவள் யாரிடமும் கணக்குப் படித்ததில்லை. கோயிலுக்கு வந்தால் ஒரு கும்பிடு, அப்புறம் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பலகைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

அந்த வருஷம் அவளே ஒரு புதிர் போட்டாள். வட்டத் தட்டில் ஏழு வட்டக் கிண்ணங்கள். நடுவில் ஒன்று, அதைத் தொட்டுக்கொண்டு சுற்றிலும் ஆறு. அந்த ஆறும் தட்டின் விளிம்பைத் தொடும். கிண்ணத்தின் குறுக்களவு பத்து. தட்டில் மூடாமல் கிடக்கும் இடம் எவ்வளவு?

"மிச்சம் சரியா ரெண்டு கிண்ணத்து இடம்க்கா. நூத்தம்பத்தேழு" என்றாள் என்னிடம். முகமெல்லாம் சிரிப்பு.

முத்திரைக்காக அவள் எழுதிக் கொண்டுபோன பலகையை ஒனோதெரா பார்த்தார். "நூத்தம்பத்தெட்டு. குறுக்கே நூறுன்னா சுத்தி முந்நூத்திப் பதினாறு. நாப்பது வருஷமா என் பலகை இந்தக் கோயில்ல அதைத்தான் சொல்லுது."

"முந்நூத்திப் பதினாலுங்க ஐயா."

"ஒண்ணே ஒண்ணுதானேம்மா வித்தியாசம். ஏழை எட்டாக்கு, முத்திரை குத்துறேன். வீம்பு பண்ணினா, உன் புருஷன் தொட்டி என் சாக்கே பட்டறை வாசல் மிதிக்காது."

யசோஜியின் தொட்டிகளில் பாதி அந்தப் பட்டறைக்குத்தான் போகும். மனிதன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "திருத்திடேன், யாருக்குத் தெரியப்போகுது" என்றான். நானும் அதையேதான் சொன்னேன். சொன்னதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

பலகை மாட்டும் நாளில் ஊரே திரண்டிருந்தது. கிவா பலகையோடு வந்தாள். பின்னால் யசோஜி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வாய் மூன்றடி அகலமுள்ள ஒரு தொட்டியை உருட்டி வந்தான்.

"ஐயா, இந்த வாய்க்கு வளையம் என்ன நீளம்?" என்று கேட்டாள்.

ஆசான் யோசிக்கவே இல்லை. நூற்றுக்கு முந்நூற்றுப் பதினாறு வீதம் பெருக்கிச் சொன்னார். அவர் கையாலேயே மூங்கில் பட்டையில் அளந்து கோடு போடச் சொன்னாள். போட்டார். அந்தக் கோட்டில் முடிச்சிட்டு, வளையத்தைத் தொட்டியின் வாயில் வைத்துக் கையை எடுத்தாள்.

வளையம் தொளதொளவென்று நழுவிப் பொத்தென்று தரையில் விழுந்தது.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாரோ என்ன, நான்தான். ஆசானுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. "இது கைவேலை. கணக்கு வேற" என்றார். யசோஜியைப் பார்த்து, "நாளைலேருந்து உன் தொட்டி எனக்கு வேணாம்" என்றார்.

யசோஜி அப்போதுதான் தலையை நிமிர்த்தினான். "சரிங்க. உங்க அளவுக்குச் செஞ்சா உங்க சாக்கே மண்ணுலதான் நிக்கும்."

பூசாரி பாவம், கையைப் பிசைந்தார். "ஆசான் பேரு போடற இடம் காலியா இருக்கேம்மா, எப்படி மாட்டறது?"

கிவா தூரிகையை வாங்கி அந்த இடத்தில் எழுதினாள்: 'யாருடைய மாணவியும் அல்ல. கிவா.' ஏணியைத் தானே சாய்த்தாள். பூசாரி தடுக்கவில்லை. ஏணியை நான் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் குளிர்காலம் அவர்கள் வீட்டில் தினைக்கஞ்சியும் முள்ளங்கியும்தான். நான் கொடுத்த தோஃபுவைக்கூட முறைத்துவிட்டுத்தான் வாங்குவாள். வயிறு காயும்போதும் அந்தத் திமிர் குறையவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

பனி உருகியதும் ஒனோதெராவே வந்தார், ஆளை அனுப்பாமல். முற்றத்தில் நின்று செருமினார். "போட்டுப் பாத்தேன். நூத்தம்பத்தேழுதான். இருபது தொட்டி வேணும்." கை அங்கிக்குள் போனது, முத்திரை வெளியே வந்தது. "உன் பலகையில இதையும் குத்திடறேன். உனக்கும் கௌரவம்."

கிவா கீறிக்கொண்டிருந்த மூங்கிலைக் கீழே வைக்கவில்லை.

"தொட்டிக்கு அளவு சொல்லுங்க ஐயா, செஞ்சு தர்றோம். முத்திரையை உள்ள வையுங்க. அங்க இடமில்ல."