குப்பியைக் குலுக்காதவள்

என் தங்கச்சி தர்ஷிகா வென்றெடுத்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். ஆய்வுகூடத்தில் உட்கார ஒரு கதிரை, அதுவும் கேட்டு ஏழு மாதத்துக்குப் பிறகு. குளிர்பெட்டிப் பூட்டின் திறப்பு. "ஏய், கூட்டுற பிள்ளை" என்று கூப்பிட்ட வாய்களில் அவளுடைய சொந்தப் பெயர். கடைசியாக, பதிவேட்டில் ஒரு கட்டம். இவற்றில் ஒன்றைக்கூட யாரும் மனம் விரும்பிக் கொடுக்கவில்லை.

எங்கள் ஊர் மன்னார்ப் பக்கம் இலுப்பைக்கடவை. அப்பா காத்தமுத்து மலைநாட்டிலிருந்து வந்து இங்கே கூலிக்கு வயல் செய்தவர். நான் எட்டாம் வகுப்போடு மேசன் வேலைக்குப் போனேன். தர்ஷிகா உயர்தரத்தில் உயிரியல் படித்தாள். கம்பஸுக்குப் புள்ளி போதவில்லை. தோட்டவெளிப் பக்கம் மீன் ஆய்வுகூடம் ஒன்று தொடங்கியபோது, தரை துடைக்கத் தினக்கூலிக்கு எடுத்தார்கள். இரண்டு பஸ் மாறிப் போனாள்.

தொட்டியில் வளரும் கொடுவா மீன் லேசில் முட்டையிடாது. பெப்ரைட் என்ற ஹோமோன் மருந்தை ஊசியாகப் போட வேண்டும். எவ்வளவு போட்டால் முட்டை வரும் என்பதே அங்கே ஆராய்ச்சி. அந்தப் பெப்ரைட் உறையவைத்து உலர்த்திய தூளாக, குப்பியின் அடியில் வெள்ளைப் படலம்போல வரும். கிருமி நீக்கி, கெடாமலிருக்க மருந்து சேர்த்த தண்ணீரை விட்டுத்தான் கரைக்க வேண்டும். அது தொழில்நுட்ப உத்தியோகத்தர் கொலின்ஸின் வேலை. மூன்றாம் மாதமே அதை இவள் தலையில் கட்டிவிட்டு அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் வந்த ஆங்கிலக் குறிப்புத் துண்டை அகராதி வைத்து வாசித்துத்தான் இவள் பழகினாள். தண்ணீர்ப் போத்தலில் முதல் ஊசி குத்திய நாளிலிருந்து இருபத்தெட்டு நாள் கணக்கு. அதன்பிறகு எறிந்துவிட வேண்டும். ஒவ்வொரு போத்தலிலும் பிளாஸ்டர் ஒட்டி இரண்டு திகதியும் எழுதினாள்.

இருபத்திரண்டு தடவை அவள் கரைத்தாள். "தயாரித்தவர்" என்ற கட்டத்தில் இருபத்திரண்டு தடவையும் கொலின்ஸ் கையெழுத்து வைத்தார். கேட்டதற்கு, "தினக்கூலிக்குச் சைன் இல்லை" என்றாராம்.

2024 பெப்ரவரி 20ஆம் திகதி அவள் லீவு. அம்மாவை மன்னாருக்குக் கண் கிளினிக்குக் கொண்டுபோனாள். அன்றைக்குக் கரைத்தது கொலின்ஸ். ஊசி போட்ட பத்து மீனில் ஒன்றும் முட்டையிடவில்லை. மனிதன் என்ன செய்தார்? "கூலிப்பிள்ளை கரைச்சுப் பழுதாக்கிப்போட்டுது" என்று ஆராய்ச்சிக்குப் பொறுப்பான டொக்டர் றஸ்னாவுக்கு அறிவித்துவிட்டு இவளிடம் வந்து, "வாற மாதம் முதல் திங்கக்கிழமை மிஸ் வாறா. அதோட உனக்கு வேலை முடிஞ்சுது" என்றார்.

திங்கட்கிழமை நானே மோட்டார் சைக்கிளில் அவளைக் கொண்டுபோய்க் கதவடியில் நின்றேன்.

றஸ்னா பதிவேட்டைத் திறந்தார்.

"இருபதாந் திகதி கரைச்சது ஆர்?"

"தர்ஷிகா, மிஸ்," என்றார் கொலின்ஸ்.

"உங்கட சைன் எல்லோ கிடக்கு?"

"சைன் நான் வைக்கிறனான். கரைக்கிறது எப்பவும் அவள்."

"அண்டைக்கு நான் லீவு மிஸ்," என்று தர்ஷிகா, அன்றைய திகதிச் சீல் குத்திய அம்மாவின் கிளினிக் கொப்பியை நீட்டினாள்.

"கொப்பியில ஆரும் சீல் குத்தலாம்," என்றார் கொலின்ஸ்.

என் கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. பிடித்திருக்காவிட்டால் வேறெங்காவது போயிருக்கும்.

றஸ்னா இரண்டு குப்பிகளை எடுத்து வைத்தார். "ரெண்டு பேரும் எனக்கு முன்னால ஒவ்வொண்டு கரையுங்கோ."

கொலின்ஸ் தண்ணீரைத் தூளின் தலையில் பீச்சியடித்து, குழந்தைப்பிள்ளைக்குப் பாணி மருந்து கலக்குவதுபோலக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். குப்பி முழுக்க நுரை. தர்ஷிகா குப்பியை மேசையில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

"என்ன பிள்ளை, குப்பிக்குச் செபமோ?"

"குளிர் போகட்டும் சேர். குளிரோட திறந்தா உள்ளுக்கு ஈரம் பிடிக்கும்."

அரை மணித்தியாலம் காத்திருந்தாள். இறப்பர் மூடியை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டாள். புதுப் போத்தல் தண்ணீரை, கண்ணாடிச் சுவர் வழியே மெல்ல வழியவிட்டாள். குலுக்கவில்லை. விரல்களுக்கிடையில் உருட்டினாள். வெளிச்சத்தில் பிடித்தபோது ஒரு குமிழிகூட இல்லை.

பிறகு குளிர்பெட்டியிலிருந்து இன்னொரு போத்தலை எடுத்தாள். பாதி கிழிந்த பிளாஸ்டரில் அவளுடைய எழுத்து: ஜனவரி 8 திறந்தது, பெப்ரவரி 5 எறிக.

"இதை அஞ்சாந் திகதியே நான் குப்பையில போட்டனான் மிஸ். லீவு முடிஞ்சு வந்து பாக்க, திரும்பவும் உள்ளுக்குக் கிடந்தது."

"அரைப் போத்தல் தண்ணியை எறியிறதோ?" கொலின்ஸ் பாய்ந்தார். "எடுத்து வச்சனான். அண்டைக்கும் அதைத்தான் விட்டனான். அதுக்கென்ன இப்ப?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது.

"அப்ப கரைச்சது நீங்கள்தான்," என்றார் றஸ்னா. "மீன் முட்டையிடாததுக்கு இதுதான் காரணமெண்டு நான் சொல்லமாட்டன். ஆனா அண்டைய முடிவை ஆராய்ச்சியில சேர்க்க ஏலாது. அதைவிட, செய்யாத ஆள் தயாரிச்சதெண்டு இத்தனை சைன்!"

கொலின்ஸ் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அதே கதிரையில்தான் இருக்கிறார். அந்த இருபத்திரண்டு கட்டங்களிலும் அவருடைய பெயர்தான் கிடக்கிறது. அவை என் தங்கச்சியின் கைவேலை என்பதை வேறு யாரும் எழுதப்போவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

அன்றைக்கு றஸ்னா பதிவேட்டைத் தர்ஷிகா பக்கம் தள்ளினார். "இந்தக் குப்பியைக் கரைச்சது நீங்கள். சைன் வையுங்கோ."

"மிஸ், தினக்கூலிக்கு..."

"எந்தச் சுற்றறிக்கையில கிடக்கு கொலின்ஸ்? எடுத்துக் காட்டுங்கோ."

தர்ஷிகா கையைப் பாவாடையில் துடைத்தாள். பேனையை வாங்கி, "தயாரித்தவர்" என்ற கட்டத்துக்குள், கோட்டைத் தாண்டாமல், முழுப்பெயரையும் எழுதினாள்.

காத்தமுத்து தர்ஷிகா, 2024 மார்ச் 4.