நூறு சதவீதம், இன்னும் ஓடுகிறது

திருவொற்றியூரில் கப்பல் பெட்டிகளை அடுக்கும் யார்டு ஒன்றில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. எந்தப் பெட்டி எந்த வரிசையில் என்ற விவரம் எங்கள் மெஷினில் இருக்கும். அதன் நகல் ராயபுரம் கல்மண்டபத்து ஆபீஸ் மெஷினிலும் இருக்க வேண்டும் என்று புதிதாக ஓர் ஏற்பாடு செய்தார்கள். அமைத்துக் கொடுத்தவர், "நகல் முடிஞ்சதும் கிளம்புங்க" என்று சொல்லிவிட்டுப் பெங்களூருக்கு விமானம் ஏறிவிட்டார். ஆரம்பித்தவனே முடிந்ததென்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழ வேண்டும் என்பது மேனேஜர் போட்ட சட்டம்.

அன்று காலை நகலை ஆரம்பித்தவன் நான். மூன்று மணிக்கு வண்ணாரப்பேட்டைப் பள்ளியில் ஆண்டு விழா. ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குக் கத்திரிக்காய் வேஷம்.

பன்னிரண்டு மணிக்கே திரையில் நூறு சதவீதம் வந்துவிட்டது. பக்கத்திலேயே 'ரன்னிங்' என்றும் நின்றது. நூறு ஆன பிறகு எது ஓடுகிறது? கல்மண்டபத்து நண்பனுக்குப் போன் போட்டேன்.

"இங்கயும் அதான் மாமு. நூறு போட்டுகினு ஓடிகினே கீது."

பெங்களூர்க்காரர் போனை எடுக்கவில்லை.

புதிதாக ஒரு பெட்டியைப் பதிந்து, அது அங்கே தெரிகிறதா என்று பார்த்தால் போதும். ஆனால் எண்ணூர் சாலையில் டிரெய்லர் ஒன்று கவிழ்ந்து, காலையிலிருந்து ஒரு லாரியும் உள்ளே வரவில்லை.

"சும்மா ஒரு பொய் நம்பர் போடு மாமு. பாத்துட்டு அழிச்சிரு."

அழித்தாலும் பதிந்த தடம் நிற்கும். இல்லாத பெட்டி எங்கே போனது என்று கஸ்டம்ஸ்காரர் கேட்டால் என் வேலை போய்விடும். மாட்டேன் என்றேன். மேனேஜரிடம் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டேன்.

"ரன்னிங்னுதானே போட்டிருக்கு? முடியட்டும்" என்றார்.

ஜன்னல் இல்லாத ஏசி அறை. மூன்றானது, நாலானது. அந்த ஒற்றை வார்த்தை மேல் எனக்கு வந்த ஆத்திரம் எந்த மனிதர் மேலும் வந்ததில்லை. எழுந்து போய்விடலாமென்று இரண்டு தடவை செருப்பை மாட்டிக் கழற்றினேன்.

ஐந்து மணிக்கு முதல் லாரி நுழைந்தது. பெட்டி நம்பரைத் தட்டியதுமே போன் அடித்தது.

"மாமு, புச்சா ஒண்ணு வந்துகீது!"

அப்போதுதான் உறைத்தது. இந்த நகலுக்கு முடிவே கிடையாது. வருகிற பெட்டியின் விவரத்தை உடனுக்குடன் அங்கே சேர்த்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. ஓடுகிறது என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பன்னிரண்டு மணிக்கே நான் கிளம்பியிருக்கலாம்.

வீட்டுக்குப் போனபோது மகள் ஊதா முகத்தோடு வாசலில் நின்றிருந்தாள். நான் வரும்வரை கழுவ மாட்டேன் என்று அடம்பிடித்தாளாம்.

"எங்க குந்திகினு இருந்த நைனா? தேடினேன், காணோம்."

"கடைசி வரிசையில" என்றேன். உள்ளே மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

"அப்போ நடுவுல நான் அழுதேனே, பாத்தியா?"

பார்த்தேன் என்றேன்.