கையெழுத்து வாங்கிட்டு வா

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைச் சொல்வது எளிது. திண்டுக்கல்லில் கலெக்டர் ஆபீஸ் போகிற வழியில் ஒரு ஸ்டூலும் மடக்கு மேஜையும் போட்டு, வருகிற சனங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாய்க்கால் தகராறு என்று எதுவானாலும் எழுதுவேன். எழுதி முடித்ததும், "கையெழுத்துப் போடுங்க. பேரு இல்லாத மனுவ யாரும் பிரிச்சுக்கூடப் பாக்க மாட்டாங்க" என்று எல்லோரிடமும் சொல்வேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு படிக்கும்போது பேரில்லாமல் நான் எழுதிய ஒரு கடிதத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். அதன்மேல் நடவடிக்கையும் எடுத்தார்கள்.

அய்யலூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் படித்தேன். மற்ற வாத்தியார்கள் கையில் புளிய விளாறு இருந்த காலம் அது. எங்கள் கணக்கு சார் மட்டும் யாரையும் அடித்ததில்லை. தப்புச் செய்தவனிடம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டுவார். "உங்கப்பாவுக்குக் கடுதாசி எழுது" என்பார். அனுப்புநர், பெறுநர், தேதி எல்லாம் முறையாக இருக்க வேண்டும். என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று நாமே எழுதி, கடைசியில் 'இப்படிக்கு' என்று போட்டுக் கையெழுத்திட வேண்டும். அதை நாமே வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்து, படித்ததற்கு அடையாளமாக அதே தாளில் அவர் கையெழுத்தையும் வாங்கி வர வேண்டும். "கையெழுத்து வாங்கிட்டு வா" என்று அவர் சாந்தமாகச் சொல்வதைக் கேட்டால் புளிய விளாறே தேவலை என்றிருக்கும். இருந்தாலும் அவர் என்றால் எங்களுக்கு உயிர். கணக்கு வராதவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் சோற்றில் பாதியைத் தூக்குச்சட்டி மூடியில் போட்டுக் கொடுத்து, வருகிறவரைக்கும் சொல்லித் தருவார்.

அந்தச் சோறு அவர் மனைவி கட்டிக் கொடுப்பது. எப்போதும் இரண்டு பேருக்கு வரும். ஒரு அடுக்கு கணக்கு சாருக்கு, இன்னொன்று அறிவியல் சாருக்கு. அறிவியல் சாருக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, வாடகை அறையில் இருந்தார். இரண்டு பேரும் ஒரே மொபெட்டில் வருவார்கள், ஒரே மொபெட்டில் போவார்கள். அண்ணன் தம்பி என்றுதான் புதிதாகப் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

பத்தாவது அரையாண்டுக்கு முன்னால் நான் மூன்று நாள் மட்டம் போட்டுவிட்டுக் குளத்தில் மீன் பிடிக்கப் போனேன். சார் தாளை நீட்டினார். எழுதிக் கொண்டுபோனேன். அப்பா படித்தார், கையெழுத்துப் போட்டார், அதன்பிறகு மாட்டுக் கயிற்றை எடுத்தார். முதுகு வீங்கிய வேகத்தில் மறுநாளே இன்னொரு கடிதம் எழுதினேன்.

ஆசிரியர் அறைப் பானையில் தண்ணீர் ஊற்றி வைப்பது என் வேலை. அதனால் எனக்கு ஒரு விஷயம் தெரியும். சாரின் மனைவிக்குப் பல வருஷம் கழித்து வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தது. உடம்பு சுகமில்லை. சில நாள் சார் வருகைப் பதிவேட்டில் மதியத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டு, அவரைத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார். அந்த நேரத்தில் அறிவியல் சார் இரண்டு வகுப்பையும் பார்த்துக்கொள்வார். இதைத்தான் தேதி வாரியாக எழுதினேன். எழுத்து தெரிந்துவிடக் கூடாதென்று இடது கையால் எழுதினேன். கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தவரே அவர் அல்லவா, ஒரு பிழை இல்லாமல் வந்தது. கடைசியில் "இப்படிக்கு, பாதிக்கப்பட்ட பெற்றோர்" என்று போட்டுக் கல்வி அலுவலகத்துக்குத் தபாலில் சேர்த்தேன்.

ஒரு மாதத்துக்குள் அவரை மலைமேல் ஒரு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். மகள் பிறந்தபோது அவர் மலையில் இருந்தாராம். அவர் கிளம்பிய அன்று வகுப்பே அழுதது. நானும் அழுதேன், பயத்தில். அன்று வயிற்றுக்குள் போய் உட்கார்ந்த பயம் முப்பது வருஷமாகியும் எழுந்து போகவில்லை. பள்ளிக்கூடத் தோழர்கள் வருஷா வருஷம் ஒன்றுகூடுவார்கள். சார் வருகிறார் என்று தெரிந்தால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். நிஜமாகவே வரும், தெர்மாமீட்டரில் தெரியும்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை அய்யலூர் சந்தைக்குப் போனேன். அக்கா பேரனுக்குக் காதுகுத்து. நான் ஒரு கிடாய் வாங்கிக் கொடுக்க வேண்டும். வாங்கிய கிடாயை ஒரு சுவரோரம் கட்டிவிட்டு டீ குடித்தேன். திரும்பிப் பார்த்தால், அது முன்னங்கால் இரண்டையும் தூக்கிச் சுவரில் வைத்துக்கொண்டு போஸ்டரைத் தின்றுகொண்டிருந்தது. பசைக்கு மைதா போடுகிறார்கள், ஆட்டுக்கு அது பலகாரம். கயிற்றைப் பிடித்து இழுத்தேன். மேலே கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்து மிச்சமிருந்தது. அதற்குக் கீழே, கழுத்தில் ரோஜா மாலையோடு எங்கள் கணக்கு சார். மற்றதெல்லாம் கிடாயின் வயிற்றில்.

உண்மையைச் சொல்கிறேன். அழுகை வருவதற்கு முன்னால் 'அப்பாடா' என்று ஒன்று வந்தது. அது வந்ததே என்று அதற்குப் பிறகுதான் அழுதேன்.

போஸ்டரைப் போட்டோ எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மதியத்துக்குள் குழு நிறைந்துவிட்டது. எங்கள் வகுப்புத் தலைவியாக இருந்தவள், இப்போது பூ விவசாயம் பார்க்கிறவள், தான் காப்பி அடித்ததற்கு எழுதிய கடிதத்தை இன்னும் பீரோவில் வைத்திருப்பதாகப் போட்டாள். இன்னொருவன் எழுதியிருந்தான்: "எங்கப்பாவுக்கு ரேகைதான். சார் வீட்டுக்கே வந்து, கையப் பிடிச்சு எழுதப் பழக்குனாரு. எங்கப்பா சாகுற வரைக்கும் சார் சொல்லிக்கொடுத்த கையெழுத்துதான் போட்டாரு." எல்லோரும் அவரிடம் வாங்கியதைச் சொல்கிறார்கள், நான் கொடுத்ததை யாரிடம் சொல்வேன்? செத்தவர் படிக்கவா போகிறார் என்று ஒரு துணிச்சல் வந்தது. கிடாய் பக்கத்தில் அசைபோட, மொட்டைக் கடுதாசிக் கதை முழுவதையும் தட்டி அனுப்பிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

மறுநாள் காலையில் தலைவியிடமிருந்து போன் வந்தது.

"ஏப்பா, ஒனக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்கா? சார் உசுரோட இருக்காரு. செத்தது அவரு வீட்டம்மா. அறுபதாம் கல்யாணத்துல ரெண்டு பேரும் மாலையோட நின்ன படத்தப் போஸ்டர்ல போட்டிருக்காங்க. ஒன் ஆடு அந்தம்மாவத் தின்னுட்டு இவர விட்டிருக்கு."

"குழுவுல போட்டத அழிச்சிரலாம்ல?" என்றேன்.

"எங்குட்டு அழிக்கிறது? ஆறுதலா இருக்குமேன்னு எல்லாத்தையும் நான் அவரு மகளுக்கு அனுப்பிட்டேன். அந்தப் பிள்ள பதறிப்போய் போன் பண்ணி அழுகுது. ஆனா சார் கேட்டாராம், என்னையப் பத்தித்தானே எழுதியிருக்காங்க, வாசின்னு. ஒவ்வொண்ணா வாசிச்சுக் காமிச்சிருக்கு."

"என்னோடதுமா?"

"ஒன்னோடதும்தான். ஒன்ன வரச் சொன்னாராம். தனியா வரணுமாம்."

கிடாயைப் பக்கத்து வீட்டில் கட்டிவிட்டுக் கிளம்பினேன். வழியில் இரண்டு தடவை வண்டியை ஓரங்கட்டினேன். பொண்டாட்டியைப் பறிகொடுத்த மூன்றாம் நாள். அந்தப் பொண்டாட்டி பிள்ளை பெற்ற நேரத்தில் பக்கத்தில் இருக்கவிடாமல் செய்தவன் போய் நிற்கிறேன். என்ன செய்வார்? அடித்தால் பரவாயில்லை. ஊரைக் கூட்டிச் சொன்னால்? பேசாமல் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் கடைசி வளைவு வரைக்கும் நினைத்தேன்.

சார் வீட்டு வாசலில் பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். மெலிந்து, தாடி முளைத்து, அதே மூக்கு. துக்க வீட்டில் 'வா' என்று சொல்கிற வழக்கம் இல்லை. எதிரே இருந்த நாற்காலியைக் கையால் காட்டினார். உட்கார்ந்தேன்.

"ஆடு நல்லாருக்கா?" என்றார்.

நான் அழ ஆரம்பித்தேன். அவர் முடியட்டும் என்று காத்திருந்தார்.

"அந்தக் கடுதாசிய ஆபீஸ்ல எனக்குக் காமிச்சாங்க. தேதியெல்லாம் சரியா இருந்துச்சு. அந்தத் தேதி தெரிஞ்ச ஆளு ஊர்லயே ரெண்டு பேருதான். ஒண்ணு நானு. இன்னொண்ணு அவன்."

அவன் என்றது அறிவியல் சாரை என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. முப்பது வருஷமாக நான் பயந்ததெல்லாம் என்னைக் கண்டுபிடித்துவிடுவார்களே என்றுதான். கண்டுபிடிக்காவிட்டால் அந்தப் பழி வேறு யார் தலையில் போய் உட்காரும் என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை.

"தண்ணிப் பானைக்காரன நான் நெனைக்கவே இல்லப்பா. அன்னைக்கு விட்டதுதான், அவன்கிட்டப் பேசல. மலைய விட்டு எறங்குன பெறகும் பேசல. அவன் வந்து வந்து நின்னான், மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். காரணம்கூடச் சொல்லல. இவ சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தா, அவரு அப்பிடிச் செய்யிற ஆளு இல்லன்னு. நான் கேக்கல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இவ சாவுக்கும் அவன் வரல."

நான் அவர் காலில் விழப் போனேன். தடுத்துவிட்டார்.

"கருமாதி முடியிற வரைக்கும் நான் ஒருத்தர் வீட்டுப் படி ஏறக்கூடாது. தாடிக்கொம்புலதான் இருக்கான்." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "பாப்பா, ஒரு வெள்ளத்தாளு கொண்டா."

மகள் வந்து தாளையும், எழுத வாகாக ஒரு காலண்டர் அட்டையையும் என்னிடம் நீட்டினாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. அவள் பிறந்த கதையும் அந்தச் செய்தியில் இருந்ததே. தினமும் இருபது மனு எழுதுகிற கைக்கு ஒரு வரி ஓடவில்லை. அனுப்புநர் என்று எழுதி அதற்கு எதிரே என் பெயரைப் போட்டேன். பெறுநருக்கு எதிரே அறிவியல் சார் பெயரைப் போட்டேன். என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று எழுதினேன். வலது கையால் எழுதினேன். முடித்து நீட்டியதும் கண்ணாடியை மாட்டிப் படித்தார்.

"தேதி போடல" என்றார்.

போட்டேன். இப்படிக்கு என்று எழுதிக் கையெழுத்திட்டேன். தாளை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார்.

"கையெழுத்து வாங்கிட்டு வா."

துக்க வீட்டில் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது. சொல்லாமலே வண்டியை எடுத்தேன்.

தாடிக்கொம்பில் விசாரித்து விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் தட்டக் கை எழவில்லை. ஒருவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் பயம் பாதியாகும் என்பார்கள். எனக்கு இரட்டிப்பாக இருந்தது. இவர் ஒரு பாவமும் அறியாதவர். தட்டினேன். அறிவியல் சாரே திறந்தார். முடியெல்லாம் கொட்டி, கையில்லாத பனியனோடு நின்றார். தாளை நீட்டினேன்.

நின்றபடியே படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். அந்த நேரம் முழுக்க நான் அவர் வாசலில் கிடந்த செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பேனா இருக்கா?" என்றார்.

கொடுத்தேன். தாளைச் சுவரில் வைத்து, பேனாவை அதன்மேல் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போகணும்பாங்க. அந்தம்மா கையில அம்புட்டு வருசம் சோறு தின்னவன் நான். முந்தாநாளு தெருமுக்கு வரைக்கும் போனேன். என்னையப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிருவானேன்னு பயந்து திரும்பி வந்துட்டேன். கடேசியா ஒரு தடவ மொகத்தப் பாக்கல."

பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார். தாளை மடித்து வைத்துக்கொண்டு உள்ளே போனார். சட்டை மாட்டித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தபோது, தாள் சட்டைப் பையில் இருந்தது.

"கையெழுத்த அவன் முன்னாடி போடுறேன். வண்டிய எடு."

பின்னால் ஏறி என் தோளைப் பிடித்துக்கொண்டார். திட்டுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டினேன். வெங்காயக் காடுகள் தொடங்கும் இடத்தில்தான் பேசினார். என்னிடம் பேசியது போலவே இல்லை.

"நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு முப்பது வருசமா யோசிச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.