அம்மனுக்கு எடை இல்லை

எங்கள் கோயில் நிர்வாகக் குழுவின் குறிப்பேட்டில் ஒரு தீர்மானம் இருக்கிறது: "அம்மனுக்கு எடை இல்லை." எழுதியது என் கைதான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்றாலும் கையெழுத்து அழகாக இருக்கிறதென்று என்னைச் செயலாளராக்கி வைத்திருக்கிறார்கள். அந்தத் தீர்மானத்துக்குக் காரணமானவர் சின்னையா அண்ணன்.

சின்னையா அண்ணன் பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறியபோது ஜெலாப்பாங் பக்கம் வந்தார். முப்பத்தொரு வருடமாக அங்கே ஒரு பட்டறையில் வேலை. கல்குவாரியில் பாறை நொறுக்கும் இயந்திரங்களுக்குப் பாகம் செய்யும் பட்டறை அது. முதலில் கடைசல் இயந்திரத்தில் நின்றார். இப்போது எந்தப் பாகம் எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்று வரைந்து கொடுக்கிறார். "எங்க படிச்சீங்கண்ணே?" என்று கேட்டால், "ஒடைஞ்சதெல்லாம் பாத்துப் பாத்துத்தான்" என்பார்.

வேலை புத்தியில் ஏறிவிட்டது. கல்யாண மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலியில்கூட இரண்டு கையும் ஊன்றி, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி மெல்லத்தான் உட்காருவார். மற்றவர்கள் தொப்பென்று உட்கார்ந்தால் அவர் முகம் சுளிப்பார். "பாரத்த மெல்ல வச்சா ஒரு கணக்கு, மேலருந்து போட்டா வேற கணக்கு. அதே கல்லுதான், ஆனா விழுறப்ப பல மடங்காயிரும்" என்று சாம்பார் ஊற்றுகிறவரிடம்கூடச் சொல்வார். ஊர் அவருக்கு 'வச்சா தாங்கும்' என்று பட்டப்பெயர் வைத்தது. கேலி செய்வதில் நாங்கள் யாரும் குறை வைக்கவில்லை.

போன வருடம் அம்மனுக்குப் புதுத் தேர் செய்தோம். தலைவர் விக்னேஸ்வரன் காப்புறுதி விற்பவர். ஆபத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார், அடுத்தவருடைய ஆபத்தாக இருந்தால்.

"அண்ணே, சக்கரத்து அச்ச நீங்க வரைஞ்சு குடுங்க. தாங்கணும், அவ்வளவுதான்."

"தேர் எவ்வளவு கனம்? மேல எத்தன பேரு நிப்பீங்க? அம்மன் எத்தன கிலோ?"

தலைவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"என்னண்ணே பேசுறீங்க? அம்மன என்ன பழைய இரும்பு மாதிரி தராசுல ஏத்தி திம்பாங் பண்ணச் சொல்றீங்களா?"

"எடை தெரியாம எப்படி வரையறதுலா?"

"அம்மாவுக்கு ஏதுண்ணே எடை? அவதான் ஒலகத்தையே தாங்குறா!"

கைதட்டல். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நானும் கை தூக்கினேன். அம்மன் கனமானவள் என்று சொல்ல எந்தப் பக்தைக்கு வாய் வரும்? அந்த ஐம்பொன் சிலையை நகர்த்தித் துடைக்க நான்கு ஆண்பிள்ளைகள் வேண்டும் என்பது அப்போது ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

அண்ணன் தானாக ஓர் எடையை வைத்துக்கொண்டு வரைந்தார். தடித்த அச்சு. சக்கரம் மாட்டுவதற்காக அச்சு மெலியும் இடத்தில் மூலை இல்லாமல் வழவழவென்று வளைத்திருந்தார்.

"தெருவுல நாலு பொங்கோல் இருக்கு. வேகத்தடை மேல ஏறுன சக்கரம் அந்தப் பக்கம் தொப்புனு விழும். மூலைய கூரா வெட்டி விட்டா அங்கதான் பொளந்துக்கும்."

தலைவருக்கு வளைவு பிடிக்கவில்லை. வேலை பாதியில் நின்ற மாதிரி இருக்கிறதாம். வேறு பட்டறையில் மெல்லிசாக, மூலையைக் கத்தி மாதிரி வெட்டி, குரோம் பூசி வாங்கி வந்தார். தேரைச் சுற்றிப் பட்டுத் துணி தொங்கும், அச்சு யார் கண்ணுக்கும் தெரியாது. இருந்தாலும் பளபளவென்று இருந்தது.

சோதனையும் நடந்தது. அரிசி மூட்டைகளுக்குக் குங்குமம் வைத்து, பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோல ஒவ்வொன்றாகத் தேரில் அடுக்கினார்கள். அரைமணி நேரம் நின்றது.

"பாத்தீங்களாண்ணே, தாங்குது!"

"வச்சா தாங்கும்" என்றார் அண்ணன். எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. அவர் மனைவி மங்களம் அக்காவுக்கு ஒரு வேண்டுதல். மகள் தினேஸ்வரியின் பிரசவம் நல்லபடி முடிந்ததற்காகத் தேரின் இடது சக்கரத்தை ஒட்டிப் பால்குடம் எடுத்து நடக்க வேண்டும்.

"பின்னால நடந்து வாயேன்."

"வேண்டிக்கிட்ட எடத்த மாத்துனா அது வேண்டுதலா? நீங்க வேணும்னா அந்த அச்சோட பேசிக்குங்க."

அண்ணன் சரிவாகச் சீவிய இரண்டு மரக்கட்டைகளோடு தேர் ஓடும் நாள் காலையில் வந்து நின்றார். சக்கரம் வேகத்தடையில் ஏறியதும் அந்தப் பக்கம் கட்டையைப் போடுவார். சக்கரம் வழுக்கிக்கொண்டு மெல்ல இறங்கும். மூன்று வேகத்தடைகள் அப்படியே கடந்தன. நான்காவது தலைவர் வீட்டு வாசலில். மோட்டார் சைக்கிள் தொல்லை என்று அவரே மாநகர் மன்றத்துக்கு மனுப்போட்டு வாங்கிய வேகத்தடை. அங்கே முகநூல் நேரலைக்குக் காமிரா காத்திருந்தது.

"அண்ணே, வேர்த்த சட்டையோட நடுவுல நிக்காதீங்க. அம்மன மறைக்குறீங்க, ஓரம் போங்க!" என்று தலைவர் கத்த, அண்ணன் கட்டைகளோடு ஒதுங்கினார்.

உறுமி மேளம் உச்சத்தில் இருந்தது. வடம் இழுபட்டது. சக்கரம் ஏறி, தொப்பென்று விழுந்தது. 'டக்' என்று, விரலைச் சொடுக்கியதுபோல ஒரு சின்னச் சத்தம்.

"மங்களம், தள்ளிப் போ!"

ஊர் நடுவில் அவர் மனைவியைப் பெயர் சொல்லிக் கத்தி நாங்கள் கேட்டதில்லை. அக்கா புல்லில் போய் விழுந்தார். பால் தெருவெல்லாம் ஓடியது. அண்ணன் இரண்டு கட்டைகளையும் தேரின் அடிச்சட்டத்துக்குக் கீழே செருகினார். தேர் ஒரு சாண் சாய்ந்து அதன்மேல் நின்றது. சக்கரம் மட்டும் தனியாக உருண்டு சாக்கடையில் இறங்கியது.

தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "பாருங்க பக்தர்களே! அம்மா என் வீட்டு வாசல்ல நிக்கணும்னு ஆசப்பட்டுட்டா!"

தேங்காய்கள் உடைந்தன. நேரலையில் பார்த்தவர்கள் அனுப்பிய பூப்படங்கள் கொட்டின. அண்ணன் குத்துக்காலிட்டு உடைந்த அச்சைத் தடவிக்கொண்டிருந்தார். வெட்டிய மூலையில்தான், சொல்லி வைத்த மாதிரி பிளந்திருந்தது. மங்களம் அக்கா சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, காலிக் குடத்தோடு பக்கத்தில் வந்தார்.

"அச்சு என்னா சொல்லுது?"

"யாரும் என்கிட்ட கேக்கலன்னு சொல்லுது."

அடுத்த கூட்டத்தில் தலைவர் குரல் இறங்கியிருந்தது. "அண்ணே, உங்க படத்துல உள்ளபடியே செஞ்சிரலாம்."

"அம்மன் எத்தன கிலோ?"

பழைய தீர்மானத்தை அடித்தால் தெய்வக் குற்றமாகிவிடும் என்று எல்லாரும் பயந்தார்கள். நெடுநேரம் யோசித்துவிட்டுத் தலைவரே சொல்லச் சொல்ல, அதற்குக் கீழேயே எழுதினேன்: "பொங்கோலில் இறங்கும்போது மட்டும் எடை உண்டு."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் கட்டையத் தூக்கிக்கிட்டு வாரேன்?"

மறுநாள் காலை பூசை முடிந்ததும் பழைய இரும்புக் கடையிலிருந்து மேடைத் தராசு வந்தது. கழுவி, மஞ்சள் பூசி, தராசுக்கு முதலில் கற்பூரம் காட்டினோம். நான்கு பேர் அம்மனை ஏந்தி வந்தார்கள். "மெல்ல, மெல்ல" என்றார் அண்ணன். முள் ஆடி ஆடி நூற்று எண்பத்தாறில் நின்றது.

தலைவர் கண்ணை மூடிக் கும்பிட்டபடி, "எவ்வளவுண்ணே?" என்று கேட்டார்.